சபையில் எல்லோருக்கும் இடம் வேண்டுமா? கமிட்டிக்காரர்கள் தொடங்க வேண்டிய இடங்கள்

உங்களைச் சேகரக் கமிட்டிக்கு, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபையை நிர்வகிக்கும் குழுவுக்கு, தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அல்லது வாலிபர் ஐக்கியச் செயலாளர் ஆகியிருக்கிறீர்கள், அல்லது புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் ஆயர் நீங்கள். சபையில் சிலர் எப்போதும் ஓரத்திலேயே இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிகிறது, அது உறுத்துகிறது, ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளை மனதில் வைத்து எழுதினாலும் லுத்தரன் சபைக்கும், பங்குப் பேரவை இருக்கிற கத்தோலிக்கப் பங்குக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறப்பு ஞாயிறு, சிறப்புப் பிரசங்கம், வாசலில் ஒரு பேனர் என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் ஒன்று என்ற பிரசங்கத்தை நம் மக்கள் நூறு முறை கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவு செய்வது சபையின் பட்டியல்கள்தான்: வேதபாடம் வாசிப்பவர்கள் பட்டியல், காணிக்கை எடுப்பவர்கள் பட்டியல், அசனம் என்கிற சபை விருந்துக்குச் சமைப்பவர்கள், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த இடம், தேர்தலில் ஓட்டு யாருக்கு. அதனால் முதல் ஒரு மாதம் எதையும் மாற்றாமல் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரண நோட்டு போதும். ஒவ்வொரு ஞாயிறும் யார் வாசித்தார்கள், யார் ஜெபித்தார்கள், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்தில் யார் உதவினார்கள், ஆராதனை முடிந்ததும் ஆயரைச் சுற்றி நின்று பேசியவர்கள் யார், யாரோடும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர்கள் யார். கடந்த பத்து வருட மினிட்ஸ் புத்தகத்தையும் எடுத்து செயலாளர், பொருளாளர் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். வீட்டு ஜெபக்கூட்டம் எந்தெந்தத் தெருவில் நடந்தது, எந்தத் தெருவில் நடக்கவேயில்லை என்பதையும் குறியுங்கள். ஒரு எச்சரிக்கை: நோட்டில் யாருடைய சாதியையும் எழுத வேண்டாம். தெருப் பெயர் போதும், உங்களுக்கே புரியும். சாதிப் பெயரோடு ஒரு தாள் வெளியே போய்விட்டால் அதற்கப்புறம் பேச்சு முழுக்க அந்தத் தாளைப் பற்றியே இருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் ஆரம்பிப்பது ஏன் நல்லது

நம் சபைகளில் சாதி என்பது புதிய செய்தி இல்லை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-லேயே, சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள், கட்டளை மட்டும் காகிதத்தில் மிஞ்சியது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தை 1870-களில் கட்டும்போதே, ஒரே பீடத்தைப் பார்த்தபடி, சாதிப்படி பிரித்து இரண்டு தனிக் கூடங்கள் வைத்துத்தான் கட்டினார்கள். நடுச் சுவரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபைக் குருக்கள் எடுத்தபோது, தங்களுக்கென்று தனி இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நிற்கிற சுவருக்கு எதிராக நம் காலத்திலும் போராட்டம் நடந்திருக்கிறது. உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. மேலிருந்து ஒரு உத்தரவு வந்தால் மாறிவிடும் என்று காத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை ஒத்துக்கொண்டது. நல்ல விஷயம்தான், ஆனால் அந்த அறிக்கை உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குத் தானாக நடந்து வராது, அதை உள்ளூர்க் கமிட்டிதான் கொண்டுவர வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். அடக்கத்துக்கான விதியை, யாரும் இறந்து கிடக்காத ஒரு அமைதியான மாதத்தில் தீர்மானமாகப் போடுங்கள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இடத்துக்காகப் பேச்சுவார்த்தை நடத்தும் நிலைமையில் எந்தச் சீர்திருத்தமும் நிற்காது, துக்கத்தில் இருக்கிற குடும்பம்தான் நசுங்கும். விதி எளிமையாக இருக்கட்டும்: இனிமேல் புதுக் குழிகள் தேதி வரிசைப்படி, ஒரு வரிசை முடிந்த பிறகே அடுத்த வரிசை, குடும்பக் கல்லறை ஏற்கெனவே பதிவில் இருந்தால் மட்டும் விலக்கு. அடக்கப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். சவப்பெட்டி தூக்கும் வண்டி ஒன்றே, பாதை ஒன்றே, மணி அடிப்பதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. பழைய கல்லறைகளைத் தொட வேண்டாம். அந்தச் சண்டை வேறு, அதை இதோடு சேர்த்தால் இரண்டும் நடக்காது.

ஓலை வாசிப்பதிலும், அதாவது கல்யாண அறிவிப்பை ஆராதனையில் வாசிப்பதிலும், கவனம் வேண்டும். இரண்டு சாதிப் பிள்ளைகள் கல்யாணம் செய்ய வந்தால் ஞானஸ்நானச் சான்றிதழ் கிடைக்கவில்லை, கையெழுத்து சரியில்லை என்று இழுத்தடிப்பது பல இடங்களில் நடக்கிறது. எந்தெந்தக் காகிதம் வேண்டும், எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யாரையும் யாருக்கும் கல்யாணம் செய்துவைக்க கமிட்டியால் முடியாது, ஆனால் முடிவெடுத்து வந்தவர்களை அலைக்கழிக்காமல் இருக்க முடியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பலருக்குப் பேசவே தயக்கமான விஷயம். 1950-ம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் ஏறக்குறைய இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது, 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான தலித் குடும்பம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர மறுத்த வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றதும் ஆலயத்துக்குத் தவறாமல் போய்வந்ததும் சாட்சியமாக வந்தன. அதனால் வருடக்கணக்காக ஆராதனைக்கு வந்தும் பதிவேட்டில் பெயர் சேர்க்காத குடும்பங்கள் இருந்தால் அவர்களை அரைகுறை விசுவாசிகள் என்று மேடையில் பேசாதீர்கள். பிள்ளையின் படிப்பும் வேலையும் அந்தச் சான்றிதழில் தொங்குகிற வீட்டில் அவர்கள் இருக்கிறார்கள். ஞானஸ்நானப் படங்களை அவர்களைக் கேட்காமல் முகநூலிலும் வாட்ஸப் குழுவிலும் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

அசனமும் கரண்டியும்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அசனப் பண்டிகை என்றால் ஊரே கூடும். பந்தியில் எல்லோரும் சேர்ந்து உட்காருவதைக் காட்டி, எங்கள் சபையில் வித்தியாசமே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். பந்தியைப் பார்க்காதீர்கள், அடுப்பைப் பாருங்கள். அரிசி மூட்டை தூக்குவது யார், பாத்திரம் கழுவுவது யார், கரண்டி பிடித்துப் பரிமாறுவது யார், கணக்கு எழுதுவது யார், மீதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது முதல் தூக்குவாளி யாருடையது.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் வருவதும் சாப்பாட்டுப் பிரச்சினைதான். கிரேக்கு பேசுகிற விதவைகளுக்கு அன்றாட விசாரிப்பில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் ஒற்றுமையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகாமல் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, இந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்திலிருந்து புகார் வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே விசாரிப்பு மொத்தமும் போனதாகத்தான் நான் வாசிக்கிறேன். நம் கமிட்டிகளில் இது நடப்பதைப் பார்ப்பது அரிது. ஒரு குறை சொன்னால், சரி, பார்த்துக்கொள்கிறோம் என்று அதே ஆட்கள்தான் பார்த்துக்கொள்வார்கள்.

எனவே அடுத்த அசனத்துக்கு சாமான் வாங்கும் பணமும் கணக்கு நோட்டும், இதுவரை அவற்றைத் தொடாத தெருவைச் சேர்ந்த இரண்டு பேர் கையில் போகட்டும். உதவிக்கு என்று அல்ல, பொறுப்பாளராக. முதல் வருடம் ஏதாவது குறையும், உப்போ இலையோ. அதை வைத்து, பார்த்தீர்களா என்று யாராவது ஆரம்பித்தால், போன வருடங்களில் குறைந்தவற்றையும் நினைவுபடுத்துங்கள்.

பெண்கள்

சி.எஸ்.ஐ. 1976-லேயே ஒரு பெண்ணை ஆயராக அபிஷேகம் செய்தது. 2013-ல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு (பேராயர் ஒருவரின் கீழ் வரும் சேகரங்களின் தொகுதி) புஷ்பலலிதா அம்மா பேராயர் ஆனார், சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் அவர்தான். கத்தோலிக்கத்தில் குருப்பட்டம் பெண்களுக்கு இல்லை என்றாலும், 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் பணிகளை முறைப்படி பெண்களுக்கும் திறந்தார். மேலே கதவு திறந்திருந்தும் கீழே என்ன நடக்கிறது என்று கேட்டால், கமிட்டிக் கூட்டத்தை ராத்திரி எட்டு மணிக்கு வைக்கிறோம், அந்த நேரத்தில் பாதிப் பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கூட்டத்தை வைத்து, அந்த நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வாலிபர் ஐக்கியத்தில் இரண்டு பேரை நியமித்துப் பாருங்கள். காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு சாவி, அதில் ஒன்று ஒரு பெண்ணிடம். மகளிர் ஐக்கிய சங்கம் திரட்டுகிற பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். இன்றைக்குப் பல இடங்களில் அவர்கள் முறுக்கு சுட்டு விற்கிறார்கள், ஆண்கள் காம்பவுண்டு சுவர் கட்டுகிறார்கள்.

கணவரை இழந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு ஜெபத்தில் முன்னால் நிற்க, மேடையில் விளக்கேற்ற அவர்களைக் கூப்பிடாமல் விடுவது நம் சபைகளிலும் அப்படியே இருக்கிறது, யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை ஆலய நிகழ்ச்சியில் விளக்கேற்ற ஒரு விதவையைக் கூப்பிடுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாமல். அன்னையர் தினத்தில் தாய்மார்களை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லி ரோஜா கொடுப்பதையும் மாற்றிவிடலாம். குழந்தைக்காகப் பல வருடம் ஜெபித்துக்கொண்டிருக்கிறவள் அந்த ஐந்து நிமிடம் உட்கார்ந்தே இருக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தால் எல்லாப் பெண்களுக்கும் கொடுங்கள்.

படி, சத்தம், எழுத்து

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியையும் காது கேளாதோர் பள்ளியையும் 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே மிஷனெரிப் பெண்கள் தொடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட பாரம்பரியம் உள்ள நாம் இன்னமும் ஐந்து படி ஏறித்தான் ஆலயத்துக்குள் போக முடியும் என்று வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சாய்தளம் போடும்போது கொத்தனார் கண் அளவில் போட்டுவிடுவார், செங்குத்தாக இருக்கும், சக்கர நாற்காலி பின்னால் சரியும். கணக்கு எளிது: ஒரு அடி உயரத்துக்கு பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குலத்தில் மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம், அதற்குப் பதினெட்டு அடி சாய்தளம் வேண்டும். இடம் போதவில்லை என்றால் நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்புங்கள். அகலம் குறைந்தது நான்கு அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்கும் கிரானைட் வேண்டாம். உள்ளே வந்தபின் நாற்காலியை எங்கே வைப்பது? கடைசி பெஞ்சுக்குப் பின்னால் என்றால் அதுவும் ஒதுக்குவதுதான், நடுவில் இரண்டு பெஞ்சுகளைப் பாதியாக வெட்டிக் குடும்பத்தோடு உட்கார வழி செய்யுங்கள். வாசிக்கும் மேடைக்குப் படி இருந்தால் மைக் கீழே வரட்டும். முழங்கால்வலிக்காரர்கள் பலர் பீடத்துக்கு வர முடியாததால் திருவிருந்து நாளில் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள், அவர்கள் இருக்கும் இடத்துக்கே அப்பமும் திராட்சரசமும் கொண்டுபோவோம் என்று ஆராதனையின் ஆரம்பத்திலேயே அறிவியுங்கள்.

சைகைமொழி தெரிந்தவர் கிடைத்தால் அவர் வெளிச்சம் விழும் இடத்தில், ஆயருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஓரத்தூணுக்குப் பின்னால் அல்ல. பிரசங்கக் குறிப்பையும் பாட்டு எண்களையும் சனிக்கிழமையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். வயதானவர்களுக்குப் பாமாலை, கீர்த்தனைப் பாட்டுப் புத்தகங்களிலிருந்து அன்றைய பாட்டுகளைப் பெரிய எழுத்தில் நகலெடுத்துக் கொடுப்பது ஒரு டீச்செலவு. ஆட்டிசம் உள்ள பிள்ளை சத்தம் போட்டால் தாயை எல்லோரும் திரும்பிப் பார்ப்பதுதான் அந்தக் குடும்பத்தை வரவிடாமல் செய்கிறது. ஆயர் ஒரு தடவை பிரசங்கத்தை நிறுத்தாமல், சிரித்தபடி தொடர்ந்தால் சபையும் பழகிக்கொள்ளும்.

வடக்கிலிருந்து வந்த விசுவாசிகள்

திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர் சபைகளுக்கு இது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்திருப்பவர்களில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் உண்டு. ராஞ்சிப் பக்கத்து லுத்தரன் சபைகள் நம் சபைகள் பலவற்றுக்குச் சளைக்காத பழமை உடையவை. அவர்களை ஊழியம் செய்யப்பட வேண்டிய ஜனங்கள் என்று நினைத்து கிறிஸ்துமஸுக்குப் போர்வை கொடுத்துப் படம் எடுக்கிறோம். அவர்களில் பாடகர் இருப்பார், ஞாயிறு பள்ளி ஆசிரியர் இருப்பார், கேட்டால்தான் தெரியும். பலருக்கு ஞாயிறு காலையிலும் வேலை இருப்பதால் மாலை ஆராதனை வைத்து, அதில் ஒரு பாட்டையும் ஒரு வேதபாடத்தையும் அவர்கள் மொழியில் அவர்களே நடத்தட்டும். ஊர்ச் சபையிலிருந்து மாற்றல் கடிதம் வாங்கிக்கொடுத்தால் முழு அங்கத்தினராகப் பெயர் சேர்த்துவிடலாம், அதற்கு வாடகை ஒப்பந்தம் கேட்காதீர்கள், பத்துப் பேர் ஒரு அறையில் இருப்பவர்களுக்கு அது இருக்காது.

திருநர்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும்

இதில் சபைகள் ஒரே கருத்தில் இல்லை, உங்கள் கமிட்டியிலும் இருக்காது. உச்ச நீதிமன்றம் 2014-ல் திருநர்களின் அடையாள உரிமையை ஏற்றது, 2018-ல் வயதுவந்தோரின் தன்பாலின உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. திருமணம், குருத்துவம் பற்றிய போதனை விவாதம் உங்கள் சேகரத்தில் முடியப்போவதில்லை. அது முடியும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை இருக்கின்றன.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காருகிற ஆலயத்துக்குள் ஒரு திருநங்கை நுழைந்தால் வாசலிலேயே அவருக்குச் சோதனை ஆரம்பித்துவிடுகிறது. நடுவரிசைகளைக் குடும்ப வரிசை என்று அறிவித்துவிட்டால் அவருக்கு மட்டுமில்லை, புதுக் கல்யாண ஜோடிக்கும் வயதான தம்பதிக்கும் வசதி. அவர் சொல்கிற பெயரில் அவரைக் கூப்பிடுங்கள், பழைய பெயரைக் கேட்காதீர்கள். பிசாசு ஓட்டும் ஜெபம் என்று ஒரு வாலிபனையோ பெண்ணையோ பிடித்து உட்கார வைக்கும் பழக்கம் எந்தக் குழுவில் இருந்தாலும் அதற்குத் தடைத் தீர்மானம் போடுங்கள், அதில் உயிரே போகிற ஆபத்து உண்டு. ஒருவர் நம்பி ஆயரிடம் சொன்னது ஜெபவிண்ணப்பமாகக்கூட வெளியே வரக் கூடாது. ஏசாயா 56-ம் அதிகாரத்தில் அண்ணகருக்கு (விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு) தம் ஆலயத்தில் உத்தம இடம் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்வதை நம் சபைகளில் வாசித்துக் கேட்பது அபூர்வம். வேதபாட அட்டவணையில் அது வரட்டும்.

எதிர்ப்பு வரும்போது

வரும். முதலில் பாரம்பரியம் என்பார்கள், அப்புறம் காணிக்கையை நிறுத்துவோம் என்பார்கள், கடைசியில் வேறு சபைக்குப் போய்விடுவோம் என்பார்கள். பெரியவர்கள் சொல்வதில் எல்லாமே சாதித்திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்களுக்குத் தெரிந்த பாமாலை மெட்டும் பழைய ஒழுங்கும் போய்விடுமோ என்ற பயமும் அதில் கலந்திருக்கிறது. பாட்டையும் அடக்க விதியையும் ஒரே வருடத்தில் மாற்றாதீர்கள். கிடார் வேண்டுமா ஆர்கன் வேண்டுமா என்ற சண்டையில் கல்லறை விஷயம் காணாமல் போய்விடும். முக்கியமானதை முதலில் எடுங்கள், பாட்டு காத்திருக்கும்.

காணிக்கை மிரட்டலுக்கு ஒரே வழி, சபையின் செலவு சில வீடுகளின் பெரிய நன்கொடையை நம்பி இல்லாமல் பல வீடுகளின் சிறு தொகையில் ஓடும்படி பார்த்துக்கொள்வது. அதற்கு ஓரிரு வருடம் ஆகும்.

எதையும் ஆயர் பெயரில் மட்டும் செய்யாதீர்கள். நம் ஆயர்கள் சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விடுவார்கள், அவர் போன மறுவாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒவ்வொரு மாற்றமும் கமிட்டித் தீர்மானமாக, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு மினிட்ஸில் ஏறி, அடுத்த கூட்டத்தில் வாசித்து உறுதிசெய்யப்பட வேண்டும். முடிந்தால் முன்மொழிபவர், மாற்றத்தால் இடத்தை இழக்கிற பக்கத்து மரியாதைக்குரிய பெரியவராக இருக்கட்டும். அப்படி ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அவரை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஓட்டுப் பட்டியல். திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்து முழு அங்கத்தினராகும் சடங்கு) பெற்று, சபைச் சந்தாவான சங்கப்பணத்தைப் பாக்கியில்லாமல் கட்டியவருக்குத்தான் ஓட்டு என்பது பல திருமண்டலங்களில் நடைமுறை. கூலிவேலை செய்கிற வீடுகள் பாக்கி வைப்பதால் ஒவ்வொரு தேர்தலிலும் அதே தெருக்களின் பெயர் விழுந்துவிடுகிறது, அல்லது வேட்பாளர் ஒருவர் அவர்கள் பாக்கியைக் கட்டிவிட்டு ஓட்டை வாங்கிக்கொள்கிறார். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பே வீடுவீடாகப் போய்ப் பாக்கியைச் சொல்லி, மாதம் இவ்வளவு என்று பிரித்துக் கட்ட ரசீது கொடுங்கள். குறைந்தபட்சத் தொகையைக் குறைக்க முடியுமா என்று திருமண்டல விதிகளைப் பார்த்துக் கமிட்டியில் கேளுங்கள். வரைவுப் பட்டியலை ஆலய வாசலில் ஒட்டுகிற அன்று ஆட்சேபணைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதை ஆராதனையில் இரண்டு முறை அறிவித்து, வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பெயர் பார்த்துச் சொல்ல ஒருவரை அந்தப் பலகைப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.